கரிமப்பொருளும் மண்ணின் நீர்ப்பிடிப்பும்: வடசென்னைக் கடலோர மண்ணை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மண்ணில் கரிமப்பொருள் கூடினால் நீர்ப்பிடிப்பு கூடும் என்பது வேளாண் நூல்களும் அரசுத் துண்டறிக்கைகளும் ஒருமித்துக் கூறும் கருத்தாகும். இக்கூற்றின் அளவையும் எல்லையையும் மண்ணியற்பியல் நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்பகுதி மண் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. நிலக்கரித் தூசும் அனற்சாம்பலும் எண்ணெய்ப் படிவும் கடல் உவரும் சேர்ந்த இம்மண்ணில் ‘கரிமம்’ என ஆய்வகம் தரும் எண் மக்கின் அளவைக் குறிப்பதாகக் கொள்ள இயலாது என்பது எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கரிமப்பொருள், மக்கு, நீர்ப்பிடிப்பு, நுண்துளை, அனற்சாம்பல், உவர்மண், எண்ணூர்

முன்னுரை

தமிழில் மண் குறித்து எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு சொற்கள் தெளிவின்றி ஆளப்படுகின்றன. ஒன்று ‘நீர்ப்பிடிப்பு’. மண் தன்னுள் கொள்ளும் மொத்த நீர், ஈர்ப்பு விசையால் வடிந்தது போக எஞ்சும் நீர், அந்த எஞ்சிய நீரில் பயிரின் வேர் உறிஞ்சக்கூடிய பகுதி ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே சொல் வழங்குகிறது. போதாக்குறைக்கு, ஆறு, ஏரிகளுக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பும் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படுகிறது. மற்றொன்று ‘கரிமம்’. கார்பன் என்னும் தனிமத்தின் பெயராகவும், உயிர்வழிப் பொருளைக் குறிக்கும் அடைமொழியாகவும் இச்சொல் நிற்கிறது. மண்வள அட்டையில் ‘அங்ககக் கரிமம்’ என அச்சிடப்படும்போது பொருள் ஓரளவு தெளிவாகிறது. உரைநடையில் ‘மண்ணில் கரிமம் மிகுதி’ என எழுதும்போது அத்தெளிவு போய்விடுகிறது.

தஞ்சை வயலிலோ கோவைக் கரிசலிலோ இந்த மயக்கத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. அங்கு மண்ணிலுள்ள கரிமக் கார்பன் பெரும்பாலும் தழை, வேர், எரு ஆகியவற்றிலிருந்து வந்ததே. நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றி இறக்கப்பட்ட வடசென்னையில் நிலைமை வேறு. இங்கு மரக்கன்று நடுவதற்கோ, மாடித்தோட்டத்துக்கோ, சாம்பல் படிந்த நிலத்தை மீட்பதற்கோ மண்ணை ஆய்ந்து பரிந்துரை வழங்குவோர் இவ்விரு சொற்களையும் பிரித்துணராவிடின், உப்பும் கரித்தூசும் நிறைந்த மண்ணுக்கு ‘வளமானது’ எனச் சான்று வழங்கிவிடக் கூடும்.

திருக்குறளின் உழவு அதிகாரம் இத்துறைக் கட்டுரைகளில் தவறாது சுட்டப்படுகிறது. 1038ஆம் குறள் ஏர் உழுதலினும் எரு இடுதலை மேலாக வைக்கிறது. அதற்கு முந்தைய 1037ஆம் குறளோ, ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உலர்த்தினால் ஒரு பிடி எருவும் வேண்டா என்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டி இரண்டாவதை விட்டுவிடும் வழக்கம் ஏனோ நிலைபெற்றுவிட்டது. எருவின் பயன் மண்ணின் நிலையைச் சார்ந்தது என்னும் குறிப்பு இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே புலப்படும்.

நீரைப் பிடிப்பது எது

மண்ணில் நீர் தங்குவது துகள்களுக்கு இடைப்பட்ட நுண்துளைகளில். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு இறுக்கமாக நீரைப் பற்றிக்கொள்ளும். மழை ஓய்ந்த ஓரிரு நாளில் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள துளைகளிலிருந்து நீர் கீழே வடிந்துவிடுகிறது. அப்போது மண்ணில் எஞ்சும் நீரின் அளவே வயற்கொள்திறன் எனப்படும். மணலில் இதனை 10 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தத்திலும் பிற மண்ணில் 33 கிலோபாஸ்கலிலும் அளப்பது வழக்கம். மறுமுனையில், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டரினும் சிறிய துளைகளில் உள்ள நீரைப் பெரும்பாலான பயிர்களின் வேரால் இழுத்தெடுக்க இயலாது. 1,500 கிலோபாஸ்கலில் அமைந்த அந்த எல்லை நிலைத்த வாடற்புள்ளி ஆகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குக் கிட்டும் நீர். இக்கட்டுரையில் ‘நீர்ப்பிடிப்பு’ எனச் சுட்டப்படுவது இதுவே.

கடற்கரை மணலில் துளைகள் பெரியவை. மழைநீர் நொடியில் உள்ளிறங்கும். அதே வேகத்தில் வேர்ப்பகுதியைக் கடந்தும் போய்விடும். களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியவை. நீர் மிகுதியாகத் தங்கும், ஆனால் அதில் பெரும்பகுதி வாடற்புள்ளிக்கு அப்பால் சிறைப்பட்டிருக்கும். கரிமப்பொருள் இவ்விரண்டு மண்ணிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மணலில் மக்கு இரு வழிகளில் பயன்படுகிறது. பஞ்சு போல் தன்னுள்ளேயே நீரை ஏற்பது ஒன்று. மணல்துகள்களைப் பிணைத்து, பெருந்துளைகளுக்கு இடையே 0.2 முதல் 30 மைக்ரோமீட்டர் வரையிலான இடைநிலைத் துளைகளை உண்டாக்குவது மற்றொன்று. நுண்ணுயிர்கள் சுரக்கும் பசைத்தன்மையுள்ள சர்க்கரைச் சேர்மங்களும் பூஞ்சை இழைகளுமே இப்பிணைப்பைச் செய்கின்றன. ஆகவே எருவை மண்ணில் கொட்டுவது போதாது. அது உயிர்களால் உண்ணப்பட்டாக வேண்டும். களிமண்ணில் மக்கின் முதன்மைப் பயன் நீரைச் சேமிப்பதன்று. களியைக் கட்டிகளாக்கிப் பெருந்துளைகளைத் திறந்து, நீர் உள்ளிறங்கவும் காற்றுப் புகவும் வழிசெய்வதே அதன் பணி. மணலி, மாதவரம் பக்கத்துக் களிப்பாங்கான நிலத்தில் மழைநீர் தேங்குவதைக் குறைக்க மக்கு உதவினால் அது இவ்வகையில்தான்.

எவ்வளவு கூடும்

இக்கேள்விக்குப் பொதுவெளியில் உலவும் விடை மிகைப்பட்டது. ஓர் ஏக்கரில் கரிமப்பொருள் ஒரு விழுக்காடு உயர்ந்தால் 20,000 கேலன் நீர் கூடுதலாகத் தங்கும் என்னும் அமெரிக்கக் கூற்று தமிழிலும் பெயர்க்கப்பட்டுப் பரவியுள்ளது. அதனைச் சரிபார்க்க எளிய கணக்கே போதும். 20,000 அமெரிக்க கேலன் என்பது ஏறத்தாழ 75,700 லிட்டர். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மண், கன மீட்டருக்கு 1.5 டன் எனக் கொண்டால், 910 டன். அதில் ஒரு விழுக்காடு 9.1 டன். அப்படியாயின் ஒவ்வொரு கிலோ மக்கும் 8 லிட்டருக்கு மேற்பட்ட நீரைப் பயிருக்குக் கிட்டும் வகையில் பிடித்திருக்க வேண்டும். முழுதும் நனைந்த மக்கு தன் எடையைப் போல் சில மடங்கு நீரைக் கொள்ளும் என்பது உண்மையே. எனினும் அதில் ஒரு பகுதி வடிந்துவிடுகிறது. மற்றொரு பகுதி வேருக்கு எட்டாத இறுக்கத்தில் நிற்கிறது.

அளவிடப்பட்ட தரவுகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. ஹட்சன் 1994இல் வெளியிட்ட ஆய்வு, கரிமப்பொருள் 0.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக உயரும்போது பயிருக்குக் கிட்டும் நீர் இரட்டிப்புக்கு மேல் ஆகும் எனக் காட்டியது. பழைய ஆய்வுகள் இத்தொடர்பைக் குறைத்து மதிப்பிட்டிருந்தன என்பது அவர் வாதம். 2018இல் மினாஸ்னியும் மெக்பிராட்னியும் அறுபது ஆய்வுகளையும் உலகளாவிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகளையும் தொகுத்து ஆய்ந்தனர். கரிமக் கார்பன் ஒரு விழுக்காடு உயர்ந்தால், 100 மி.மீ. மண்ணில் சராசரியாக 1.16 மி.மீ. நீரே கூடும் என்பது அவர்கள் முடிவு. மணலில் விளைவு மிகுதி, களியில் மிகக் குறைவு.

இங்கும் சொல்மயக்கம் ஒன்று காத்திருக்கிறது. கரிமக் கார்பனும் கரிமப்பொருளும் ஒன்றல்ல. மரபாகக் கார்பன் அளவை 1.724ஆல் பெருக்கிக் கரிமப்பொருளைப் பெறுவர். அதாவது ஒரு விழுக்காடு கரிமப்பொருளில் கார்பன் 0.58 விழுக்காடுதான். அவ்வாறு மாற்றிக் கணக்கிட்டால், 15 செ.மீ. ஆழத்தில் கூடும் நீர் சராசரியாக 1 மி.மீ., ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். பரவலாகச் சொல்லப்படும் அளவில் இது பதினெட்டில் ஒரு பங்கு. கார்பனையும் கரிமப்பொருளையும் கலந்து எழுதும் கட்டுரையில் இவ்வெண்கள் மேலும் ஒன்றே முக்கால் மடங்கு வழுவும்.

இதனால் எரு பயனற்றது எனக் கொள்ளலாகாது. வெறும் மணலில் 15 செ.மீ. ஆழத்தில் பயிருக்குக் கிட்டும் நீர் 9 மி.மீ. அளவே இருக்கும். நாளொன்றுக்கு 4 அல்லது 5 மி.மீ. நீர் ஆவியாகும் சென்னையில் அது இரண்டு நாளுக்குக் காணும். அதில் 1 மி.மீ. கூடுவது ஒன்பதில் ஒரு பங்கு. மணலில் சராசரியினும் மிகுதியாகவே கூடும். திருவொற்றியூரில் வேர் ஆழம் செல்லாத கீரைப் பாத்திக்கோ, நட்டு ஒரு மாதமான கன்றுக்கோ இந்த வேறுபாடு பிழைத்தலுக்கும் வாடலுக்கும் இடைப்பட்டதாக அமையலாம். ஒவ்வொரு முறை நீர் பாய்ச்சும்போதும் இப்பயன் மீண்டும் கிட்டுகிறது என்பதும் கருதத்தக்கது.

செலவையும் சொல்லியாக வேண்டும். பாதி எடை ஈரமாகவும், உலர் எடையில் பாதி கரிமப்பொருளாகவும் உள்ள தொழுவுரத்தைக் கொண்டு ஏக்கருக்கு 9.1 டன் கரிமப்பொருளைச் சேர்க்க 36 டன் உரம் தேவை. அதுவும் சிதையாமல் நின்றால்தான். வெப்பமண்டலத்தில் இட்ட எருவின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. குளிர்ந்த இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் எரு இட்டும், மண்ணின் கார்பன் இரண்டரை மடங்கை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. 1909இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நிலையான உரச் சோதனையிலும் எரு தொடர்ந்து இடப்பட்ட பாத்திகளிலேயே கார்பன் தாக்குப்பிடித்தது. ஒருமுறை இட்டு நிறுத்தும் எருவுக்கு இத்தகைய பயனை எதிர்பார்க்க இயலாது.

உவரின் குறுக்கீடு

மேற்கண்ட கணக்கு நன்னீர் மண்ணுக்கு உரியது. வடசென்னையின் வடமேற்கே மீஞ்சூர் நிலத்தடி நீர்க்களத்தில் கடல்நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. சென்னையின் குடிநீருக்காக அப்பகுதிக் கிணறுகளிலிருந்து மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணம். எண்ணூர் முகத்துவாரத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிய நிலங்களில் ஓத நீரே நேரடியாக மண்ணை நனைக்கிறது.

உப்பு கரைந்த நீரை வேர் இரு தடைகளை மீறி இழுக்க வேண்டியுள்ளது: துளையின் பிடிப்பு, உப்பின் ஊடுபரவல் அழுத்தம். செறிவூட்டிய மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் ஆனால் அம்மண் உவர்மண் என வகைப்படுத்தப்படுகிறது. அந்நிலையில் ஊடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 144 கிலோபாஸ்கல். மண் உலர்ந்து நீர் பாதியானால் உப்பின் செறிவு இரட்டிக்கிறது, அழுத்தமும் அவ்வாறே. கடல்நீரில் இது 2,500 கிலோபாஸ்கல் அளவுடையது. வாடற்புள்ளியின் 1,500 எல்லையைக் கடல்நீர் ஈரமாக இருக்கும்போதே தாண்டிவிடுகிறது. எண்ணூர்ச் சதுப்பில் மக்கும் நீரும் மிகுந்திருந்தும் அலையாத்தி, உவர்ப்பூண்டு தவிரப் பிறவை வேர்கொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம். இங்கு மக்கினால் கிட்டும் 1 மி.மீ. நீருக்குப் பொருளில்லை. நிலத்தின்மேல் மூடாக்காக இடப்படும் தழையே பயன்தருகிறது. அது ஆவியாதலைக் குறைத்து, அடியிலிருந்து உப்பு மேலேறுவதைத் தடுக்கிறது.

மக்கல்லாத கரிமம்

வடசென்னை மண்ணின் தனிச்சிக்கல் இது. சென்னைத் துறைமுகத்தில் 2011இல் நீதிமன்ற ஆணைப்படி நிறுத்தப்படும் வரை நிலக்கரி திறந்தவெளியில் கையாளப்பட்டது. கரித்தூசு இராயபுரம் வீடுகளின் வாசல் வரை படிந்தது. பின்னர் அச்சரக்கு 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல் மின்நிலையம் 1994இலிருந்து இயங்கிவருகிறது. சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவு கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தின் கரைகளில் ஒட்டிக்கொண்டது.

நிலக்கரி, சாம்பலில் எஞ்சும் எரியாத கரி, எண்ணெய் ஆகிய மூன்றிலும் கார்பன் உண்டு. இவற்றுள் எதுவும் மக்கு அன்று. இந்திய மண் ஆய்வகங்களில் வழங்கும் முறை 1934இல் வாக்லியும் பிளாக்கும் வகுத்தது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கொண்டு, ஆக்சிசனேற்றம் அடையும் கார்பனை அளக்கும் அம்முறையில் கரித்தூசும் ஒரு பகுதி கரையும். எண்ணெயும் கணக்கில் சேரும். மண்ணைச் சூளையிலிட்டு எடையிழப்பைக் காணும் முறையோ எரியாத கரி முழுவதையும் கரிமப்பொருளாகவே காட்டும். இது போதாதென்று, உவர்மண்ணின் குளோரைடு அயனியும் டைகுரோமேட்டைச் செலவழிப்பதால் எண் மேலும் உயர்கிறது. வெள்ளி சல்பேட்டைச் சேர்த்தால் இப்பிழையைத் தடுக்கலாம் என்பது பாடநூலிலேயே உள்ளது. வழக்கமான மாதிரிகளுக்கு அதன் விலை கருதி இது தவிர்க்கப்படுகிறது. 0.75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ‘உயர்வு’ என அச்சிடும் மண்வள அட்டை, உப்பும் கரித்தூசும் கலந்த எண்ணூர் மணலுக்கும் அச்சொல்லைத் தந்துவிடக் கூடும். பன்னிரண்டு அளவீடுகளைத் தரும் அவ்வட்டையில் நீர்ப்பிடிப்புக்கு இடமில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

சாம்பல் சற்றுக் குழப்பமான பொருள். அதன் துகள்கள் வண்டலின் பருமனை ஒத்தவை; ஆகவே மணலோடு கலந்தால் நீர்ப்பிடிப்பு உயரவே செய்கிறது. இந்திய ஆய்வுகள் பலவற்றில் இது காட்டப்பட்டு, சாம்பலை நிலச்சீர்திருத்தப் பொருளாகப் பரிந்துரைக்கவும் பயன்பட்டது. இவ்விளைவு துகளின் பருமனால் வருவது, கரிமத்தால் அன்று. சாம்பலில் தழைச்சத்து இல்லை, துகள்களைப் பிணைக்கும் உயிர்ப்பசை இல்லை, போரானும் நச்சுத் தனிமங்களும் உண்டு. நீர்ப்பிடிப்பு என்னும் ஒரே அளவுகோலால் மண்ணின் நலத்தை மதிப்பிட்டால் சாம்பல் மேடு நல்ல நிலமாகிவிடும்.

எண்ணெய் இதற்கு நேர்மாறானது. அது மணல்துகளைப் பூசி மூடி நீரை விலக்குகிறது. கார்பன் எண் உயர, நனையும் தன்மை வீழ்கிறது. நீர்விலக்கம் எண்ணெய்க்கு மட்டும் உரியதன்று. மெழுகுப்பாங்கான இலைகள் சிதையும் இடத்தில் இயற்கை மக்கும் உலர்ந்த பருவத்தில் நீரை விலக்கும். கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்குத் தோப்புகளில் இது பதிவாகியுள்ளது. கண்டறிவதும் எளிது. உலர்ந்த மண்ணின்மேல் ஒரு துளி நீரை இட்டு, அது உட்புகும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஐந்து நொடிக்குள் மறைந்தால் மண் நீரை ஏற்கிறது; நிமிடக்கணக்கில் முத்துப்போல் நின்றால், கரிமம் எவ்வளவு இருப்பினும் முதல் மழை வழிந்தோடிவிடும். துளிவிழுது ஒன்றும் கடிகாரமும் போதுமான இச்சோதனை வடசென்னை மண்மாதிரிகளில் கார்பன் அளவீட்டுக்கு முன்னரே செய்யத்தக்கது.

இப்பகுதிக்கு உரிய பொருள்கள்

2024ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்’ திட்டம் பசுந்தாள் உரத்தை முன்னிறுத்துகிறது. வயல்வெளிக்கு அது ஏற்றதே. தொழிற்பகுதியின் சிறு நிலத்துக்கு அருகில் கிடைப்பவை வேறு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் மீன்கழிவு தழைச்சத்து மிக்கது. ஆயினும் விரைந்து அழுகி, மக்காக எஞ்சுவது மிகக் குறைவு, உப்பும் கலந்தது. தென்னைநார்க் கழிவு, சருகு போன்ற கார்பன் மிகுந்த பொருளோடு சேர்த்து மட்கவைத்து, உப்பைக் கழுவிய பின்னரே நீர்ப்பிடிப்பு நோக்கில் அதற்கு மதிப்புண்டு. தென்னைநார்க் கழிவு மெல்லச் சிதைவதால் மணலில் நெடுநாள் நிற்கும். அதிலும் கடற்கரை ஊறல் குழிகளிலிருந்து வந்ததாயின் உப்பைச் சோதித்தல் வேண்டும்.

நிலைத்த பயன் தருவது ஏரி வண்டல். செங்குன்றம், சோழவரம் ஏரிகள் இப்பகுதிக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளன. ஏரி வண்டலை வயலில் பரப்புவது தமிழக உழவர்களின் பழைய வழக்கம். உரிய அனுமதியோடு கட்டணமின்றி அதனை எடுக்க 2017 முதல் அரசு வழிவகுத்தது. வண்டலில் மக்கும் களியும் சேர்ந்தே வருகின்றன. மக்கு ஆண்டுதோறும் சிதைந்து குறையும், களி சிதைவதில்லை. அத்துடன் களித்துகளின் பரப்பில் ஒட்டிய மக்கை நுண்ணுயிர்கள் எளிதில் உண்ண இயலாமையால், மணலில் தனித்து இட்ட எருவினும் களியோடு சேர்ந்த எரு நெடுங்காலம் தங்குகிறது.